சிவப்பு உறையில் வந்த படங்கள்

கேள்வி: டிவிடி வாடகைச் சந்தா கட்டிப் படம் பார்த்த காலத்தில், அதிகம் பேர் கேள்விப்படாத படங்களாக நீங்கள் பார்த்தவற்றில் எவை பிடித்தன, எவை பிடிக்கவில்லை? இப்போது தேடிப் பார்க்கிற அளவுக்கு ஏதாவது தேறுமா?

பிடிக்காததிலிருந்து தொடங்கிவிடுகிறேன், அதுதான் சுலபம். 'ஜெர்ரி' என்று ஒரு படம், 2002இல் வந்தது. எடுத்தவர் கஸ் வான் சாண்ட். மேட் டேமனும் கேசி அஃப்லெக்கும்தான் படம் முழுக்க. இரண்டு நண்பர்கள் காரில் போகிறார்கள், இறங்கி நடக்கிறார்கள், பாலைவனத்தில் வழி தவறுகிறது, நடக்கிறார்கள், இன்னும் நடக்கிறார்கள். இருவருக்கும் பெயர் ஜெர்ரி. தொடக்கத்தில் கார் போவதையே நிமிடக்கணக்கில் காட்டுவார்கள். பேசுகிறார்கள், எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று ஒலியைக் கூட்டிப் பார்த்தேன். இல்லை, அவர்கள் பேசவே இல்லை.

நடுவில் ஒரு காட்சி மட்டும் நன்றாக இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஜெர்ரி எப்படியோ உயரமான பாறை ஒன்றின் மேல் ஏறிவிடுகிறான், இறங்க வழியில்லை. கீழே இருப்பவன் மண்ணை அள்ளி அள்ளிக் கொண்டுவந்து குவித்து, மெத்தை மாதிரி ஆக்குகிறான், இவன் குதிப்பதற்காக. கேமரா அசையாது. எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆகும். அந்த ஒரு காட்சிக்காகவே படத்தைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் மறுநாள் காலையிலேயே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. யாருக்கும் தெரியாத படம் என்றாலே முத்து என்று ஒரு நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. நூற்றுக்கணக்கில் பார்த்த பிறகு சொல்கிறேன், தெரியாத படங்களில் பாதிக்கு மேல் தெரியாமல் இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மீதியில்தான் விஷயம்.

கொஞ்சம் பின்கதை. 2005 கடைசியில் வேலைக்காக நியூ ஜெர்சிக்கு வந்தேன். எடிசன் பக்கம் இரண்டு படுக்கையறை வீட்டில் நான்கு பேர். தமிழ்ப் படத்துக்கு மளிகைக் கடையிலேயே டிவிடி கிடைக்கும், புளி, துவரம்பருப்போடு அதையும் எடுத்துக்கொண்டு வரலாம். மற்ற படங்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் சந்தா. இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் போனில் பார்ப்பதுதான் ஞாபகம் வரும். ஆனால் ரீட் ஹேஸ்டிங்ஸும் மார்க் ராண்டால்ஃபும் 1997இல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்தபோது அது தபாலில் டிவிடி அனுப்புகிற கம்பெனி. 1998இல் அனுப்பத் தொடங்கினார்கள், 1999இல் மாதச் சந்தா வந்தது. வீடியோ கேசட் கனம், தபால் செலவு கட்டுப்படியாகாது. டிவிடி அப்படியில்லை, சாதாரணக் கடிதம் மாதிரி போய்விடும். அந்த ஒரு வித்தியாசத்தில் ஒரு தொழிலே கட்டி எழுப்பப்பட்டது.

நாங்கள் எடுத்தது மூன்று டிஸ்க் திட்டம், மாதம் 18 டாலருக்குச் சற்றுக் குறைவு, நான்கு பேரும் பங்கு. ஒரே நேரத்தில் மூன்று படம் வீட்டில் இருக்கலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அபராதம் கிடையாது. ஒன்றைத் திருப்பி அனுப்பினால், க்யூவில், அதாவது பார்க்க வேண்டும் என்று நாங்கள் போட்டுவைத்த பட்டியலில், அடுத்து இருப்பது சிவப்பு உறையில் வந்து சேரும். 2023 செப்டம்பர் 29 அன்று கடைசி டிஸ்க்குகளை அனுப்பிவிட்டுக் கடையை மூடினார்கள். 25 வருடத்தில் 500 கோடிக்கும் மேலான டிஸ்க்குகள்.

இந்தச் சிறு படங்கள் எல்லாம் அங்கே எப்படிக் கிடைத்தன என்பதற்குச் சட்டக் காரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில், காசு கொடுத்து வாங்கிய டிவிடியை வாங்கியவர் விற்கலாம், வாடகைக்கும் விடலாம். படக் கம்பெனியிடம் தனி அனுமதி தேவையில்லை. ஆகவே சந்தையில் டிவிடியாக ஒரு படம் வந்துவிட்டால் போதும், ஒரு பிரதி வாங்கி அலமாரியில் வைத்துவிடலாம். கிட்டத்தட்ட ஒரு லட்சம் தலைப்புகள் இருந்ததாக அவர்களே விளம்பரம் செய்தார்கள். ஸ்ட்ரீமிங் வேறு கதை. ஒவ்வொரு படத்துக்கும் உரிமம், ஒவ்வொரு உரிமத்துக்கும் கெடு. கெடு முடிந்தால் படம் காணாமல் போய்விடும். நேற்று பாதி பார்த்து வைத்த படத்தை இன்று தேடினால் இருக்காது.

சரி, படங்களுக்கு வருகிறேன். கதையைச் சொல்லாமல் கருத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, அதனால் சில முடிவுகள் வெளியே வரும்.

முதலில் மனதில் தங்கியது 'தி ஸ்டேஷன் ஏஜென்ட்', 2003, டாம் மெக்கார்த்தியின் முதல் படம். பீட்டர் டிங்க்லேஜ் நாயகன். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' வந்து உலகத்துக்கே அவரைத் தெரிவதற்கு எட்டு வருடம் முன்னால். உயரம் குறைந்த மனிதன் ஒருவன், பெயர் ஃபின், பொம்மை ரயில் கடையில் வேலை. கடை முதலாளி செத்துப்போகிறார். போகும்போது பாழடைந்த பழைய ரயில் நிலையக் கட்டடம் ஒன்றை இவன் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போகிறார். யாரும் தன்னைப் பார்க்காத இடத்தில் இருக்கலாம் என்று அங்கே குடிபோகிறான். பார்த்தால், வாசலிலேயே ஒருவன் வேனில் காபியும் ஹாட் டாகும் விற்றுக்கொண்டிருக்கிறான், வாயை மூடவே தெரியாதவன். நோய்வாய்ப்பட்ட அப்பாவுக்காக வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறான். அப்புறம் மகனை இழந்த ஓர் ஓவியப் பெண். கவனமில்லாமல் கார் ஓட்டி, ஃபின்னை ஒரு முறை இல்லை, இரண்டு முறை சாலையை விட்டுத் தள்ளிவிடுகிறாள்.

இந்த மூவரும் சேர்ந்து தண்டவாளத்தோரம் நடப்பார்கள். உட்கார்ந்து மாட்டிறைச்சி உப்புக்கண்டத்தைத் தின்பார்கள். ரயில் வருமா என்று பார்ப்பார்கள். 'ஜெர்ரி'யிலும் நடைதான், இதிலும் நடைதான். அதில் நடப்பவர்கள் யாரென்றே நமக்குத் தெரியாது. இதில் ஒவ்வொருவரும் எதற்காகப் பேசாமல் நடக்கிறார்கள் என்று தெரியும். எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

ஃபின் இருக்கும் ஊர் நியூஃபவுண்ட்லாண்ட், கனடாவில் இருப்பது இல்லை, நியூ ஜெர்சியின் வடக்கே இருப்பது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். நிலையக் கட்டடம் தண்டவாளத்தை ஒட்டி நின்றது. பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன், ரயில் எதுவும் வரவில்லை. கூட வந்த நண்பன் இதற்குப் பெட்ரோல் வேறா என்று வழி நெடுகத் திட்டினான்.

அதே நண்பன்தான் க்யூவில் 'பிரைமர்' படத்தைச் சேர்த்தவன். இதைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை, மென்பொருள் வட்டாரத்தில் இது தெரியாதவர்கள் குறைவு. 7,000 டாலரில் எடுத்த காலப்பயணப் படம், 2004இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பெரிய பரிசு. ஷேன் கேருத் எழுதி, இயக்கி, நடித்து, இசையமைத்து, எடிட்டும் செய்தார். 77 நிமிடம்தான், ஆனால் எங்கள் வீட்டில் பதினொரு நாள் தங்கியது. சுவரில் காலக்கோடு வரைந்தோம், அட்வான்ஸ் தொகையில் பெயின்ட்டுக்குப் பிடித்துக்கொண்டார்கள். படத்தில் வரும் பொறியாளர்கள் ஒருவர் பேச்சில் இன்னொருவர் புகுந்து பேசுவது அப்படியே எங்கள் மீட்டிங் மாதிரி இருக்கும். மனதைத் தொட்டதா என்றால் இல்லை. குறுக்கெழுத்துப் புதிர் போட்டு முடித்த திருப்தி.

ராமின் பஹ்ரானியைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். 'தி ஒயிட் டைகர்' எடுத்தவர் என்றால் நம்மவர்களுக்குச் சட்டெனத் தெரியும், 2021இல் வந்தது. அதற்கு வெகு முன்னால், 2005இல் 'மேன் புஷ் கார்ட்' எடுத்தார். அஹ்மத் என்ற பாகிஸ்தான்காரர், லாகூரில் பெரிய பாடகராக இருந்தவர். இப்போது நியூயார்க்கின் மன்ஹாட்டனில் விடியுமுன் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வந்து காபி விற்கிறார். லாரிகளுக்கும் டாக்சிகளுக்கும் நடுவே, இருட்டில், ஒரு மனிதன் பெரிய எஃகுப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிற காட்சி திரும்பத் திரும்ப வரும்.

இந்தப் படம் வந்து சேர்ந்த சமயத்தில் நான் தினமும் ரயிலேறி அதே மன்ஹாட்டனில் பென் ஸ்டேஷனில் இறங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தெருமுனையில் தள்ளுவண்டிக் காபிதான் என் காலை. ஒரு வருடத்துக்கு மேலாக ஒரே வண்டியில் வாங்கியும், அந்த வண்டி ராத்திரி எங்கே போகிறது, காலையில் எப்படி அங்கே வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. படம் பார்த்த மறுநாள் முதல்முறையாக அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். எந்த ஊர் என்று கேட்டேன். சில்லறையை எண்ணிக்கொண்டே பதில் சொன்னார், பின்னால் வரிசை நின்றது, நகர்ந்துவிட்டேன்.

இவ்வளவு சொல்லியும், படமாக எனக்கு முழுத் திருப்தி இல்லை. அஹ்மத் ஒரு பூனைக்குட்டியை எடுத்து வளர்ப்பார், அது சாகும். அந்த இடத்தில் இயக்குநர் நம் கண்ணீருக்காகக் கையை நீட்டுகிறார் என்று தெரிந்துவிடுகிறது. பத்திரிகைக் கடையில் வேலை பார்க்கும் ஸ்பெயின் பெண்ணோடு தொடங்குகிற நெருக்கமும் அரைவேக்காடு. தவணை கட்டிக்கொண்டிருக்கும் வண்டியே களவு போகும்போது, ஒரே மனிதன் மேல் இத்தனையா என்று தோன்றும்.

அடுத்த படமான 'சாப் ஷாப்', 2007, இந்தக் குறை எதுவும் இல்லாதது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வில்லெட்ஸ் பாயின்ட் என்று ஓர் இடம். பழைய கார்களைப் பிரித்து உதிரிபாகம் விற்கிற ஒர்க்ஷாப்புகள் மட்டுமே அப்போது இருந்த சேற்றுத் தெருக்கள். படத்தில் பின்னால் ஷே பேஸ்பால் ஸ்டேடியத்தின் விளக்குகள் தெரியும். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. அங்கே அலெஹாந்திரோ என்ற பன்னிரண்டு வயதுப் பையன், ரிப்பேர் கடைக்கு மேலே ஒட்டுப்பலகை அறையில் அக்காவோடு தங்கியிருக்கிறான். தெருவில் போகும் கார்களை மறித்து, எங்கள் கடைக்கு வாருங்கள் என்று கூப்பிடுவது அவன் வேலை. ஒரு டப்பாவில் காசு சேர்க்கிறான், சாப்பாட்டு வேன் ஒன்றை வாங்கி அக்காவும் தானும் வியாபாரம் பண்ணலாம் என்று. வேனை வாங்கியும் விடுகிறான். பிறகு விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டும்போதுதான் தெரிகிறது, உள்ளே எல்லாம் அரித்துப்போய்க் கிடக்கிறது, அதில் சமைக்கவே முடியாது.

அந்த இடத்தில் பையன் அழ மாட்டான். கோபப்படுவான், ஏமாற்றியவனைத் தேடிப் போவான், அப்புறம் அடுத்த நாள் வேலை. அக்கா ராத்திரியில் எங்கே போகிறாள் என்பதும் அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. இரண்டு பேரும் அதைப் பற்றி வாயைத் திறக்காமலே அவன் அதைக் கையாளும் விதம் இருக்கிறதே, பெரியவர்களைக் கொண்டு எடுத்த படங்களில்கூட நான் பார்த்ததில்லை. இது ஏழைப் பையன் படம் இல்லை. பன்னிரண்டு வயதில் ஒரு முதலாளியைப் பற்றிய படம்.

'தி பேண்ட்ஸ் விசிட்', 2007, இஸ்ரேல் படம். எரன் கொலிரின் எடுத்தது. எகிப்திலிருந்து, அலெக்சாண்ட்ரியா போலீஸ் வாத்தியக் குழு எட்டுப் பேர் நீலச் சீருடையில் இஸ்ரேலுக்கு வருகிறார்கள், ஓர் அரபுக் கலாசார மையத் திறப்பு விழாவில் வாசிக்க. போக வேண்டிய ஊர் பெத்தா திக்வா. அரபியில் நமக்கு 'பல்' என்பதில் வருகிற ஒலி கிடையாது, 'கம்பம்' என்பதன் நடுவில் வருகிற ஒலிதான் உண்டு. டிக்கெட் கேட்கும்போது அது வேறொரு ஊரின் பெயராகக் கேட்டுவிட, பாலைவனத்து ஓரத்தில் ஒன்றுமில்லாத ஓர் ஊரில் போய் இறங்குகிறார்கள். இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற நமக்கு இந்த வேடிக்கை கூடுதலாகவே பிடிக்கும். மறுநாள் காலைதான் அடுத்த பஸ். ஓட்டல்காரி தீனா வீட்டிலும் மற்ற இடங்களிலுமாக ராத்தங்கல்.

அரபுக்காரர்கள், யூதர்கள் என்றதும் ஒரு சண்டைக்கும் சமாதானத்துக்கும் தயாராகிவிடுவோம். படத்தில் இரண்டும் இல்லை. இருப்பது ராத்திரி முழுக்க டெலிபோன் பெட்டி பக்கத்தில் காதலியின் அழைப்புக்காக நிற்கும் ஒருவன். ஒரு பெண்ணிடம் எப்படிப் பழகுவது என்று தெரியாமல் விழிக்கும் உள்ளூர்ப் பையன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குட்டையைக் கொடு, இப்போது முழங்காலில் கை வை, என்று செய்து காட்டியே சொல்லிக்கொடுக்கும் எகிப்துக்காரன். தொடங்கிய இசையை வருடக்கணக்காக முடிக்க முடியாமல் வைத்திருக்கும் ஒரு கிளாரினெட் கலைஞன். குழுத் தலைவர் தவ்ஃபிக்காக வரும் சாஸன் கபாய், முகத்தில் ஒரு தசையை அசைத்தால் அதிகம். அவரைப் பேசவைக்க முயல்கிற தீனாவாக ரோனித் எல்கபெட்ஸ். அவர் தர்பூசணி வெட்டுவதைப் பார்ப்பதற்கே படத்தை இரண்டாம் முறை போட்டேன்.

இந்தப் படத்துக்கு நேர்ந்த கூத்தும் சொல்லத் தகுந்தது. இஸ்ரேலின் சிறந்த படமாகத் தேர்வாகி ஆஸ்கருக்குப் போயிருக்க வேண்டியது. வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் இருக்கிறது, வெளிநாட்டு மொழிப் பிரிவில் சேர்க்க முடியாது என்று நிராகரித்துவிட்டார்கள். எகிப்துக்காரனும் இஸ்ரேல்காரியும் வேறு எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள்? இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மொழியில் தட்டுத்தடுமாறிப் பேசுவதுதானே கதையே. பின்னர் இது நியூயார்க்கின் பிராட்வேயில் இசை நாடகமாகி, 2018இல் நாடகத்துக்கான டோனி விருதுகளில் பத்தை வாங்கியது. அதையும் பார்த்தேன். பாட்டெல்லாம் நன்றாக இருந்தது, ஆனால் படத்தில் இருந்த பேச்சில்லாத இடங்களை எல்லாம் பாட்டு வந்து நிரப்பிவிட்டது.

இப்போது தூசி படிந்த டிஸ்க்குகளின் கதை. சந்தா வைத்திருந்த எல்லோர் வீட்டிலும் டிவி மேலே இப்படி ஒன்று இருக்கும். க்யூவில் சேர்க்கும்போது நாம் நாளைய மனிதர், பெரிய ரசிகர். உறை வீட்டுக்கு வரும்போது வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணி, களைப்பு, இன்றைக்கு ஏதாவது சிரிப்புப் படம் போதும். இதை 2009இல் ஓர் ஆய்வாகவே வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இணைய டிவிடி வாடகைக் கணக்குகளை எடுத்துப் பார்த்ததில், பார்க்க ஆசைப்படும் படங்கள் சீக்கிரம் திரும்பி வந்துவிடுகின்றன, பார்ப்பது நமக்கு நல்லது என்று நினைக்கும் படங்கள் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன என்று தெரிந்ததாம். அதற்கு ஆராய்ச்சி வேண்டுமா, எங்கள் டிவி மேலே பார்த்தாலே தெரிந்திருக்குமே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் டிவி மேல் அப்படி மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தது 'கில்லர் ஆஃப் ஷீப்'. கறுப்பு வெள்ளை, கதை என்று ஒன்றும் இல்லை என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள், கசாப்புக்கூடம் வேறு. ஸ்ட்ரீமிங்காக இருந்திருந்தால் என் பட்டியலின் அடியில் போய் மறைந்திருக்கும். டிஸ்க் அப்படி மறையாது. ரிமோட்டைத் தேடும்போதெல்லாம் கண்ணில் படும். மூன்றில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கடைசியில் பனிப்பொழிவில் வீட்டிலேயே கிடந்த ஒரு நாள், அனுப்பித் தொலைக்கலாம், அதற்கு முன்னால் பத்து நிமிடம் பார்க்கலாம் என்று போட்டேன்.

சார்லஸ் பர்னெட் 1970களில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தன் பட்டப்படிப்புக்காக எடுத்த படம். செலவு 10,000 டாலருக்கும் கீழே. லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி, கறுப்பின மக்கள் வாழும் இடம், நடித்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதி மக்கள். ஸ்டான் என்பவன் ஆட்டுத்தொட்டியில் வேலை செய்கிறான், ராத்திரி தூக்கம் வருவதில்லை. ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். ஸ்டானும் நண்பனும் சம்பளக் காசில் ஒரு பழைய கார் எஞ்சினை விலைக்கு வாங்குகிறார்கள். மாடியிலிருந்து படிப்படியாக, முக்கி முனகி, அதை இறக்கிக் கொண்டுவருகிறார்கள். பிக்கப் வண்டியின் பின் விளிம்பில் வைக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளலாம் என்கிறான் ஸ்டான். நண்பனுக்கு விரல் நசுங்கியிருக்கிறது, விழாது விடு என்கிறான். வண்டி மேட்டில் கிளம்புகிறது, எஞ்சின் உருண்டு தெருவில் விழுந்து உடைகிறது. இறங்கி வந்து பார்க்கிறார்கள். அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். கேமரா வண்டியின் பின்னால் இருக்கிறது. எஞ்சின் தெருவில் சிறுத்துக்கொண்டே போகிறது.

நான் சிரித்துவிட்டேன், அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அப்பா ஒரு முறை பழைய தண்ணீர் மோட்டார் வாங்கிவந்த கதை அப்படியே இதுதான். ஒரு மாதச் சேமிப்பு, அரை அங்குலத்தில் போயிற்று.

இந்தப் படம் முப்பது வருடம் முறையாகத் தியேட்டருக்கு வரவில்லை. தடை எதுவும் இல்லை, பாட்டு உரிமைதான் பிரச்சினை. மாணவர் படம்தானே என்று டைனா வாஷிங்டன் முதலானவர்களின் பாட்டுகளை பர்னெட் சேர்த்திருந்தார். வெளியிடுவதென்றால் எல்லாவற்றுக்கும் காசு கட்ட வேண்டும். இதற்கிடையில் 1990இல் அமெரிக்க நாட்டின் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். நாட்டின் சொத்து, ஆனால் டிக்கெட் போட்டுக் காட்ட முடியாது. 2007இல்தான் உரிமைகளுக்கு 1,50,000 டாலர் கட்டி வெளியிட்டார்கள், எடுத்த செலவைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். ஸ்டானும் மனைவியும் ஜன்னல் வெளிச்சத்தில், பேசாமல், ஒரு பாட்டு முழுவதும் மெதுவாக ஆடும் காட்சியைப் பார்த்தால், மலிவான வேறு பாட்டைப் போட்டு ஒப்பேற்ற ஏன் சம்மதிக்கவில்லை என்று புரியும்.

பிடித்ததில் முதலிடம் எதற்கு என்றால், யோசிக்காமல் சொல்வேன், 'ஸ்டில் வாக்கிங்', 2008, ஜப்பானின் ஹிரோகாஸு கொரே-எடா. இயக்குநருக்கு இப்போது உலகப் புகழ், ஆனாலும் இந்தப் படத்தைப் பார்த்த தமிழ் நண்பர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு நாள், ஒரு வீடு. மூத்த மகன் இறந்த நாளுக்குக் குடும்பம் கூடுகிறது. கடலில் மூழ்கப்போன ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய் இறந்தவன். இரண்டாவது மகன் ரியோட்டா, வேலை போனதை மறைத்துக்கொண்டு, கணவனை இழந்து மறுமணம் செய்த மனைவியோடும் அவள் மகனோடும் வருகிறான். ஓய்வுபெற்ற டாக்டர் அப்பா, இவனிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அம்மாவாக கிரின் கிகி. படத்தின் முதல் பாதி சமையல்தான். முள்ளங்கி சீவுகிறார்கள், சோளத்தை உதிர்த்து மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள், எண்ணெயில் படபடவென்று வெடிக்கிறது.

சோளத்துக்குப் பின்னால் குடும்பக் கதை ஒன்று உண்டு. பக்கத்துத் தோட்டத்தில் திருடிய சோளத்தைப் பொரித்துக்கொண்டிருக்கும்போது தோட்டக்காரரே சோளத்தோடு வந்துவிட, மூத்தவன் சமயோசிதமாகப் பேசிச் சமாளித்தான் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். ராத்திரி ரியோட்டா தன் மனைவியிடம் சொல்வான், அதைச் சொன்னது நான்தான் என்று. செத்துப்போனவனோடு போட்டி போட முடியாது. அந்த ஒரு வரியில் அந்த வீட்டில் இளையவனாக இருப்பது என்ன என்று தெரிந்துவிடும்.

இதை நான் பார்த்தது 2012இல், அம்மா ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்திருந்தபோது. அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் படிக்க வராது. சும்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு பார்த்தாள். அன்று காப்பாற்றப்பட்ட சிறுவன் இப்போது கனத்த உடம்போடு, உருப்படியான வேலை இல்லாமல், அந்த வீட்டுக்கு வந்து வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பான். வருடா வருடம் வரவேண்டும், வரவைப்பது அந்தத் தாய். அவன் போனதும் மகன் கேட்பான், பாவம், இனிமேல் விட்டுவிடலாமே என்று. அவள் பின்னல் வேலையை நிறுத்தாமல், முகம் மாறாமல், அதற்காகத்தான் கூப்பிடுகிறேன், அடுத்த வருடமும் வரட்டும் என்பாள். அதுவரை அன்பான பாட்டியாக இருந்தவள்.

நான் அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். என்ன கொடுமை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "கூப்பிடலேன்னா அவன் மறந்துடுவான்ல" என்றாள். வெங்காயத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

தலைப்பு பழைய ஜப்பானியப் பாட்டு ஒன்றிலிருந்து வந்தது, 1968இல் வந்த 'ப்ளூ லைட் யோகோஹாமா'. அம்மா அந்த இசைத்தட்டை எடுத்துப் போடச் சொல்வாள், எல்லோரும் சாதாரணமாகக் கேட்பார்கள், அப்பா மட்டும் சாப்பாட்டுத் தட்டைவிட்டுத் தலை நிமிர மாட்டார். இளவயதில் இன்னொரு பெண் வீட்டில் அவர் பாடிக்கொண்டிருந்ததை, முதுகில் பிள்ளையோடு வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டு, பிறகு அந்த இசைத்தட்டை வாங்கியிருக்கிறாள். நாற்பது வருடம் கழித்து, கணவர் குளித்துக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே நின்று, துணி மடிக்கிற குரலில் சொல்கிறாள். நம் ஊர்ப் படமாக இருந்தால் இந்த இடத்தில் இடி இடித்திருக்கும்.

கிளம்புகிற நாள் பஸ்ஸில்தான் ரியோட்டாவுக்கு, முந்தின நாள் அம்மாவோடு பேசும்போது ஞாபகம் வராத ஒரு சுமோ வீரரின் பெயர் சட்டென்று நினைவுக்கு வரும். எப்போதும் கொஞ்சம் பிந்திவிடுகிறது என்பான். அந்த டிஸ்க்கை நான் உடனே திருப்பி அனுப்பவில்லை. அம்மா ஊருக்குக் கிளம்பும்வரை வீட்டிலேயே இருந்தது.

விட்டுப்போனது ஒன்று, 'பொம்போன்'. 2004, அர்ஜென்டினா, கார்லோஸ் சோரின். வேலை போன நடுவயது மெக்கானிக்குக் கூலிக்குப் பதிலாக ஒரு பெரிய வெள்ளை நாயைக் கொடுத்துவிடுகிறார்கள். நாய்க் கண்காட்சி, பரிசு, இனப்பெருக்கத்துக்கு விட்டால் காசு என்று ஆசைகள் பெருகும், நாய்க்கோ அதில் நாட்டமே இல்லை. நாயும் மனிதரும் வண்டியின் முன்சீட்டில் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சேவை மூடும்போது கையில் இருக்கும் டிஸ்க்குகளைத் திருப்ப வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் தங்கியது இதுதான். பிளேயர்தான் இப்போது வேலை செய்வதில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 'தி பேண்ட்ஸ் விசிட்' முதலில், அது யாரையும் விரட்டாது. 'சாப் ஷாப்' இரண்டாவது. 'கில்லர் ஆஃப் ஷீப்' போனில் பார்க்காதீர்கள், கொஞ்சம் பெரிய திரை வேண்டும், இருட்டும் வேண்டும். 'ஸ்டில் வாக்கிங்'கைப் பசியோடு பார்க்கக் கூடாது. சோளம் இரண்டு கதிர் வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள், முதல் அரை மணி நேரத்திலேயே தேவைப்படும்.